தவளை வண்டிக்கு வேலை பார்த்த கை

ராத்திரி பதினொன்றரை மணி. பென்னாகரத்திலிருந்து இண்டூர் வருகிற ரோடு. இரண்டு பக்கமும் கரடு, முள்ளுக்காடு... ஒரு விளக்கு கிடையாது. அந்த நேரத்தில், அந்த ரோட்டில், குப்புராஜின் மோட்டார் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

நெருங்கி உட்காருங்கள். ரயில் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று ஸ்டேஷன் மாஸ்டரே சொல்லிவிட்டார். இது நம் பச்சியப்பனுடைய சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது. பச்சியப்பன் இட்டுக்கட்டிச் சொல்லுகிறவன் இல்லை. அதற்கெல்லாம் அவனுக்குப் புத்தி போதாது.

குப்புராஜ் யாரென்றால்... இண்டூரில் நல்ல நிலபுலம். சேலத்தில் இரண்டு வருஷம் காலேஜ் படித்துவிட்டு, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று திரும்பி வந்தவர். இங்கே வந்து பார்த்தால் இங்கேயும் முட்டாள்கள். வைத்தியர் கொடுத்த மருந்து வெறும் தண்ணீர். தச்சன் செய்த கதவு கோணல். மனைவி ராமக்காள் வைத்த குழம்பை முதல் வாயிலேயே தள்ளி வைப்பார். யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டுதான் பேசுவார்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, மேட்டூர் அணை வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குக் கிளம்பினார். அவருடைய ரேஸ் வண்டியை இவர் வாங்கினார். இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை இல்லை. தரையோடு தரையாகப் பதுங்கி, முன்னால் இரண்டு பெரிய விளக்கை உருட்டி விழித்துக்கொண்டு நிற்கும். ஊருக்குள் வந்த அன்றே 'தவளை வண்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். குப்புராஜுக்கு அந்தப் பேர் காதில் விழுந்தால் வயிறு எரியும்.

அந்த மாதிரி வண்டி சும்மா ஓடாது. பத்து மைல் ஓட்டினால் ஒரு மணி நேரம் வேலை வைக்கும். அந்த வேலையைத் தானே வீட்டில் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார் குப்புராஜ். காளைகளைக் கொட்டகையிலிருந்து வெளியே கட்டினார். வண்டியை உள்ளே விட்டார். துரை கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

மறு வாரம் பென்னாகரத்திலிருந்து ஓர் ஆள் நடந்தே வந்து கொட்டகை வாசலில் நின்றான். ஐம்பது வயது இருக்கும். மாதேஸ் என்று பேர்.

"துரை வண்டிக்கு ஆறு வருசமா நான்தாங்க வேல பாத்தேன். உங்களுக்கும் பாத்துக் குடுக்கறேனுங்க."

குப்புராஜ் புத்தகத்தை அவன் முன்னால் நீட்டினார். "இது என்னான்னு படி பாக்கலாம்."

மாதேஸ் குனிந்து பார்த்தான். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா படத்தத் தலகீழாப் புடிச்சிருக்கீங்க."

கொட்டகைக்கு வெளியே ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டான். குப்புராஜின் முகம் கறுத்தது. "மாட்டு வண்டிக்கு மை போடறவனுக்கு என்னா வாய்! போடா வெளிய!"

"போறேனுங்க. அந்த வண்டியப் பத்தி ஒரு சங்கதி மட்டும் சொல்லிட்டு..."

"வாய மூடு."

மாதேஸ் வாயை மூடிக்கொண்டான். வந்த வழியே பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து போனான்.

அதற்கு நாலு நாள் கழித்துத்தான் அந்த ராத்திரி. அந்த ரோடு.

குப்புராஜ் இறங்கினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்ஜின் மூடியைத் திறந்தார். பெட்ரோல் குழாயை ஊதினார். ஒரு ஒயர் விட்டிருந்தது, அதை முறுக்கிவிட்டார். முன்னால் ஸ்டார்ட் கம்பியைப் போட்டுச் சுற்றினார்... சுற்றினார்... கை ஓய்ந்ததுதான் மிச்சம். செய்தவனைத் திட்டினார், விற்ற துரையைத் திட்டினார், சக்கரத்தை ஓர் உதை விட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். ரோட்டோரப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

குனிந்து மொள்ளும்போது கேட்டது.

"ப்ச்."

அவ்வளவுதான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். சாப்பிடத் தெரியாதவன் சோற்றை இறைக்கும்போது பக்கத்தில் இருப்பவன் செய்வானே... அது.

"எவன்டா அது?"

காற்றில்லை. பூச்சிகூடக் கத்தவில்லை. ஒரு வாசனை மட்டும் வந்தது. விளக்கெண்ணெயைச் சட்டியில் கருகக் காய்ச்சினால் வருமே, அந்த வாசனை. பிறகு ஒரு நட்டு இறுகுகிற சத்தம்... க்ரீச்... க்ரீச்...

ஓடி வந்தார். வண்டியருகே யாரும் இல்லை. கம்பியைப் போட்டு அரைச் சுற்று சுற்றினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வீடு வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை அவர்.

விடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தார். அவர் முறுக்கியிருந்த ஒயரை யாரோ பிரித்து, நேராக்கி, நெல்மணி அளவுக்கு அழகாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் தினமும் அதே கதைதான். சாயந்திரம் இவர் ஒரு வேலை செய்வார். காலையில் பார்த்தால் அது திருத்தப்பட்டிருக்கும். இவர் கோணலாக மாட்டியது நேராக இருக்கும். இவர் துடைக்காமல் விட்டது பளபளக்கும். மாதேஸ்தான் திருட்டுத்தனமாக வருகிறான் என்று நினைத்தார். பூட்டுப் போட்டார். பிறகு கயிற்றுக் கட்டிலை உள்ளே போட்டு அங்கேயே படுத்துப் பார்த்தார்.

ராத்திரி ஒரு மணிக்கு விளக்கெண்ணெய் வாசனை வந்தது. க்ரீச்... க்ரீச்... அவர் அன்று போட்ட ஒவ்வொரு நட்டும் கழன்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு "ப்ச்". டார்ச்சை அடித்தார். வண்டி... சுவர்... கோணிச் சாக்கின் மேல் ஸ்பானர்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். யாரோ அரை மணி நேரம் கையில் பிடித்திருந்ததுபோல் கதகதப்பாக இருந்தது.

வேறொருவர் என்றால் அன்றைக்கே வண்டியைக் கிணற்றில் தள்ளியிருப்பார். குப்புராஜுக்குப் பயத்தைவிட ரோஷம்தான் பெரிதாக வந்தது. தன்னைப் பார்த்து ஒன்று 'ப்ச்' என்பதா?

இதற்கிடையில் வண்டி தேன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தர்மபுரியில் ஒரு கல்யாணம். சேலத்து மில் முதலாளி ஒருவர் வந்திருந்தார், மோட்டார் பைத்தியம். தவளை வண்டியின் அருகே வந்து, காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"அடேயப்பா! மெட்ராஸ்லகூட இப்படி வேல பாக்கறவன் கிடையாதுங்க. உங்க மெக்கானிக் யாரு?"

"நான்தான்" என்றார் குப்புராஜ்.

பட்டப்பகல். சுற்றிலும் நூறு பேர். பிடரிக்கு ஓர் அங்குலம் பின்னால், சூடான மூச்சோடு... "ப்ச்." மற்றவர்கள் யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். அதன் வாயை அடைக்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது அது சும்மா இருக்க வேண்டும். இந்த ஒரு நினைப்புதான். புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து படித்தார். இன்ஜினின் தலையைக் கழற்றி, வால்வு ஒவ்வொன்றையும் கையாலேயே உட்கார வைத்துத் தேய்த்தார். ஒரு மாதம். உள்ளங்கை தோலுரிந்தது. சோறு மறந்தது. ராத்திரியில் கொட்டகையிலிருந்து அவர் குரல் கேட்கும். அதட்டல் போய்க் கெஞ்சலாகியிருந்தது. "இப்ப என்னா தப்பு? இதுல என்னா தப்பு, சொல்லு!"

ராமக்காள் வாசலில் நின்று கேட்டாள். "யாருகூடப் பேசறீங்க?"

"உனக்குப் புரியாது. போ."

கடைசி நட்டை இறுக்கினார். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணி அடித்தது. வாசனை வந்தது. மெதுவாக வண்டியைச் சுற்றி வந்தது... முன்பக்கம்... பக்கவாட்டு... நின்றது. சத்தமில்லை. இன்னும் சத்தமில்லை. குப்புராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வயதில் அவர் ஒருவரிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"...ப்ச்."

முன்பைவிட மெதுவாக. திட்டிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் சொல்கிற மாதிரி.

காலையில் ராமக்காள் சொன்னாள். "நீங்க தொரத்திவுட்ட அந்தப் பென்னாகரத்து ஆளு செத்துப் போயிருப்பாருங்க. அதான் இப்புடி வந்து ஆட்டுது. அவுரு வூட்டுக்குப் போயி வெத்தல பாக்கு வெச்சுக் கும்புட்டுட்டு வாங்க."

குப்புராஜ் போனார். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க, அதுவும் செத்தவன் என்பதால், போனார்.

மாதேஸ் வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான்.

"வண்டிச் சத்தம் கேட்டதுமே நீங்கதான்னு தெரிஞ்சுதுங்க" என்று எழுந்தான். அவர் கையிலிருந்த தேங்காய்த் தட்டைப் பார்த்தான். "இது யாருக்குங்க?"

"நீ... சாவலயா?"

"நான் எதுக்குங்க சாவறேன்?" என்றவன், அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அதுங்களா? ப்ச்... ப்ச்னு?"

குப்புராஜ் தலையை ஆட்டினார்.

"அதத்தாங்க அன்னிக்கே சொல்ல வந்தேன். துரைக்கும் கேக்கும். கேக்கறப்பல்லாம் 'சாரி'ன்னுவாரு. அவுரு சீமைல வாங்கறப்பவே அது வண்டிகூட இருந்துச்சாம். நான் வேல கத்துக்கிட்டதே அதுங்கிட்டதானுங்க."

"அது யாரு?"

"நான் கேக்கலைங்க. நம்மள விட வேல தெரிஞ்சவங்கள யாரு, எவருன்னு கேப்பமுங்களா?" மாதேஸ் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்கள அடிச்சுதுங்களா? வண்டியக் கவுத்துச்சா?"

"இல்ல."

"பின்ன என்னாங்க கஷ்டம்?"

"என்னைய மதிக்க மாட்டேங்குது" என்றார் குப்புராஜ். சொல்லும்போதே அவமானத்தில் கழுத்து வரைக்கும் சிவந்துபோனார்.

மாதேஸ் சிரிக்கவில்லை. "என்னையும் ஆறு வருசம் மதிக்கலைங்க. ஏழாவது வருசம் மதிச்சிருக்குமோ என்னமோ. அதுக்குள்ள உங்க கைக்குப் போயிருச்சு." கொஞ்சம் தயங்கினான். "வண்டி உங்களுதாவே இருக்கட்டுங்க. கொட்டாயில ஒரு மூலை குடுங்க, நான் அதுகூட இருந்துக்கறேன். கூலி வேண்டாம்."

இதுதான் சமயம். ஒரு 'சரி' போதும். ஆனால் இந்தக் களி தின்கிறவனை, எழுத்துத் தெரியாதவனை, அது ஒருநாள் மதித்துவிட்டால்? தன் கொட்டகையில், தன் கண் முன்னால்? குப்புராஜ் அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தைப் பார்த்தார்.

"உங்கிட்ட விடறதுக்குப் பதிலா ஒடைச்சுப் போடுவேன்" என்றார். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வண்டியேறினார்.

அந்த வாரமே மெட்ராஸில் ஒருவருக்கு விற்றுவிட்டார். இதே மொரப்பூரில்தான் ஏற்றினார்கள். அதோ, அந்தக் கூட்ஸ் மேடையில். மேலே திறந்த வேகனில், தார்ப்பாய் போட்டுக் கட்டி. ரயில் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, காறித் துப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். காளைகளை மறுபடியும் கொட்டகையில் கட்டினார்கள்.

மூன்று ராத்திரி நல்ல தூக்கம்.

நாலாம் ராத்திரி... வீட்டுக்குள்ளே, அவர் படுக்கிற அறையில், விளக்கெண்ணெய் வாசனை.

கண்ணைத் திறக்கவில்லை அவர். பக்கத்தில் ராமக்காள் தூங்குகிறாள், மூச்சுக் கேட்கிறது. கால்மாட்டில் ஏதோ நின்றது. பிறகு அவருடைய வலது கணுக்காலை இரண்டு விரல் பிடித்தது. சூடான விரல். கொஞ்சம் இப்படி... கொஞ்சம் அப்படி... வண்டிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதுபோல் அசைத்துப் பார்த்தது.

"ப்ச்."

முழங்கால். அசைத்தது. "ப்ச்." இடுப்பு. தோள். முழங்கை. கழுத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தது. கத்த வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. திறந்த வாய்க்குள் விரலை விட்டு, பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தது. கடைசியாக உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தது. நெடுநேரம் எடுக்கவில்லை.

காலையில் எழுந்து கையைப் பார்த்தார். குப்புராஜுக்குப் பிறந்ததிலிருந்தே இடது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும்.

நேராக இருந்தது. அடியில் மோதிரம்போல் ஒரு கறுப்புக் கோடு... கிரீஸ்.

பச்சியப்பன் போன தையில் இண்டூருக்குப் போயிருந்தான். சித்தப்பாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நடை நேர், முதுகு நேர். முகத்தில் வலது பாதியும் இடது பாதியும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. நம்மில் யாருக்கும் அப்படி இருக்காது, கண்ணாடியில் பாருங்கள். குழம்பைத் தள்ளாமல் சாப்பிட்டார். யாரையும் திட்டவில்லை. பேசவே இல்லை. கிளம்பும்போது அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், என்றைக்கும் இல்லாத வழக்கமாக. இவன் காது அவர் நெஞ்சில் பட்டது. கிணற்றடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி அப்போதுதான் வந்திருந்தார் மனிதர். உள்ளே டக்... டக்... டக்... துளி வேகம் கூடவில்லை, துளி குறையவில்லை.

பச்சியப்பன் ராமக்காளைத் தேடி உள்ளே போனான். அவள் படுக்கையறையில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் துவைத்த கோணிச் சாக்கை விரித்து, சின்னதிலிருந்து பெரிதாக ஸ்பானர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா சின்னம்மா இது?"

"எடுத்து வெக்கலேன்னா ராத்திரி பூராத் தேடுது தம்பி. எனக்குத் தூக்கம் போவுது."

"ஒகேனக்கல் பக்கம் ஒரு பூசாரி இருக்காரு, கூட்டியாரட்டுமா?"

ராமக்காள் ஒரு ஸ்பானரை எடுத்து முந்தானையில் துடைத்தாள். வாசலில் நேராக நிற்கிற புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள். "முன்னைக்கு இப்பத் தேவல."