பருத்திப்பட்டு வரை நீண்ட விண்மீன்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துணைவியாரை இழந்து அமர்ந்திருக்கும் ஏகாம்பரம் அவர்களே, ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் முனைவர் கமலம் அம்மையாரை வாயாரப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் வந்தேன். ஆனால் இயற்பியல் துறையில் அவருக்கு எதிர் மேசைக்காரன் நான். எனக்கு அவர்மீது பொறாமை. அன்றும் இருந்தது, மாலை போட்ட இந்தப் படத்தைப் பார்க்கும்போதும் இருக்கிறது!

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி. நியூட்ரான் விண்மீன் என்பது செத்துச் சுருங்கி, நொடிக்குப் பல நூறு முறைகூடச் சுழலும் விண்மீன். அதன்மேல் உள்ள இரண்டு சூடான திட்டுகள் நம் பக்கம் திரும்பினால் எக்ஸ்ரே ஒளி கூடும், விலகினால் குறையும். திட்டு முதுகுப்புறம் போனாலும் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் கொஞ்சம் காட்டும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் விண்மீனின் அளவைக் கணிக்க வேண்டும். இரண்டு திட்டுகளும் நேரெதிரே இருக்கும் என்று நான் வைத்துக்கொண்டேன். மையம் பாடி மேம்பாலம் என்றால் விளிம்பு பத்து கிலோமீட்டர் தள்ளி ஆவடியில் முடியும் என்றேன். அம்மையார் சிரித்தார்.

"எதிரெதிராதான் இருக்கும்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

திட்டுகளை அவற்றின் போக்கில் விட்டுக் கணக்கிட்டார். விளிம்பு ஆவடியையும் தாண்டிப் பருத்திப்பட்டு ஏரியில் போய் நின்றது! பிற்பாடு வந்த அளவீடுகள் யார் பக்கம் நின்றன? அவர் பக்கம். எப்போதும் அவர் பக்கம்! வயிறு எரிய எரிய நானும் கைதட்டினேன்.

அடுத்த விண்மீனின் கணக்கைப் பாதியில் விட்டுப் போய்விட்டார். முடிக்க என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? கட்டுரையில் முடித்தவன் பெயர்தானே முதலில் வரும்? ஒருமுறையாவது அவருக்கு முன்னால் நிற்கலாமே! இந்த நினைப்போடுதான் இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அம்மையார் சொன்னதைச் சொன்னார்.

"பச்சையப்பன் சார் பேரையே முன்னாடி போட்டுக்கச் சொல்லுங்க. பாவம், ரொம்ப நாளா காத்துகினு கீறாரு."

பாவமா? நானா? விட்டுக்கொடுப்பதிலும் அவரே முந்திக்கொள்வதா?

அன்பர்களே, இந்த அவையில் உறுதி சொல்கிறேன். அந்தக் கணக்கை நான் முடிப்பேன். அவர் வழியிலேயே முடிப்பேன். கட்டுரையில் முதல் பெயர் கமலம், அடுத்ததுதான் என் பெயர். மறுத்துப் பேச அவர் எழுந்து வரப்போவதில்லை. அம்மையாரே, இந்த ஒன்றிலாவது நான் ஜெயித்துக்கொள்கிறேன்.