துணி விலகாத பெயர்ப்பலகை

முன்வரிசையில் வீற்றிருக்கும் இந்த மண்ணின் மூத்த குடிகளே! தாய்மார்களே! தலைமை தாங்கும் நகரமன்றத் தலைவர் லொரெய்ன் அம்மையாரே! வெயிலில் வெந்தபடி வாசலில் நிற்கும் டாலன் கிரீக் மக்களே! உங்கள் அனைவருக்கும் விழா ஏற்பாட்டாளன் கார்டனின் வணக்கம்.

எதிரே பாருங்கள், நமது நீச்சல் குளம். பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பூட்டிய வாசல். கொளுத்தும் கோடையில் நாற்பது நாள் இங்கேயே குந்தியிருந்து அந்தப் பூட்டைத் திறக்க வைத்தார் ஒரு தாய். அவர் பெயரைக் குளத்துக்குச் சூட்டத்தான் கூடியிருக்கிறோம். பெயர் பொறித்த பலகை அந்தச் சுவரில், துணிக்குள் இருக்கிறது.

காவலரே, காற்று துணியைத் தூக்குகிறது, இரண்டு கையாலும் பிடியுங்கள்!

பழங்குடி மரபில், இறந்தவர் பெயரை இனிச் சொல்லலாம் என்று குடும்பத்தார் விடுவிக்கும் வரை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை. இருபத்தேழு ஆண்டு இந்த ஊர்த் தண்ணீர் குடித்த எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் தவறினேன். அந்தத் தாய் மறைந்து இரண்டு ஆண்டு ஆயிற்றே, துக்கம் தீர்ந்திருக்கும் என்று நாள்காட்டியைப் பார்த்து நானே முடிவுகட்டினேன். குடும்பத்தைக் கேட்டேனா? கேட்கவில்லை!

காலையில் பேக்கரிக்குப் போனேன். கடைக்கார அம்மாவுக்கும் அதே பெயர். சாவு விழுந்த நாள் முதல் ஊரே அவரை வேறு பெயரில் அழைக்கிறது. அவரிடம் பலகையைப் பற்றிப் பெருமையடித்தேன். ரொட்டி சுற்றிய கை நின்றது.

"ஏம்பா கார்டன், என் பேரையே எனக்கு இன்னும் திருப்பித் தரல. பலகைக்கு மட்டும் யாருய்யா குடுத்தா?"

சிரித்தபடிதான் கேட்டார். என் தவறு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சென்ற ஆண்டும் கேட்காமல் அந்தத் தாயின் படத்தைத் திரையில் காட்டினோம்; இறந்தவர் படத்தைக் காட்டுவதும் இதே மரபில் கூடாது. அவர் தங்கை டல்சி அம்மா எழுந்து போனார்; பின்னாலேயே முப்பது குடும்பங்கள் போயின. இன்றுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். இன்றும் எழுந்து போனால், மறுபடி வருவார்களா?

என்ன, பின்வரிசையில்? "அப்புறம் எதுக்குய்யா எங்களக் கூப்பிட்ட?" நியாயமான கேள்வி, ஐயா! கூப்பிட்டது பெயர் சூட்ட; இப்போது நிற்பது என் தவறை உங்கள் முன் சொல்ல. அன்று கேட்காமல் குளத்தைப் பூட்டினோம்; இன்று கேட்காமல் பெயரைத் திறக்கத் துணிந்தோம். நல்லெண்ணம் இருந்ததா? இருந்தது. கேட்கும் காது இருந்ததா? இல்லை, இல்லவே இல்லை! தலைவர் அம்மையாரே, பொறுத்தருள்க. துணி இன்று விலகாது. பலகை டல்சி அம்மாவின் வீட்டுக்குப் போகும்.

ஐயோ, டல்சி அம்மா எழுந்துவிட்டாரே! அம்மா, போகாதீர்கள்... ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"கத்தாத கார்டன், நான் எங்கயும் போகல. பலகைய நான் எடுத்துட்டுப் போறேன். செவுத்துல அடிச்ச ஆணிய மட்டும் புடுங்காத. நேரம் வந்தா நானே கொண்டாந்து மாட்டறேன்."

கேட்டீர்களா மக்களே? உட்கார்ந்துவிட்டார்! முப்பது குடும்பமும் உட்கார்ந்தே இருக்கிறது! காத்திருக்க நமக்கு இடம் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு, தலைதாழ்த்தி நன்றி, வணக்கம்.