நீலக் குறி

உங்கள் நாற்காலியின் பின்னங்கால் ஒன்று ஆடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். பேனாவையும் திறந்தே வைத்திருக்கிறீர்கள், மை காய்ந்துவிடும். பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லங்களுக்கு மதிப்பெண் போடுகிற வேலை என்னுடையது. ஓர் அறைக்குள் போனால் மற்றவர்கள் சுவரின் வர்ணத்தைப் பார்த்து மெச்சுவார்கள். நான் படுத்திருப்பவரின் கைக்குத் தண்ணீர் எட்டுகிறதா, ஆளைக் கூப்பிடுகிற மணி எட்டுகிறதா என்று பார்ப்பேன்.

நாற்பது கேள்விகள், நூறு மதிப்பெண். முழு மதிப்பெண் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. குளியலறைக் கைப்பிடியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் அரை மதிப்பெண் போகும். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அரை மார்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். வைக்கட்டும். நல்லவர் என்று பெயர் வாங்க நான் இந்த வேலைக்கு வரவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டு வருடம் என் வீட்டில்தான் இருந்தாள். ராணி மாதிரி வைத்திருந்தேன், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் கட்டில், தலைமாட்டில் மின்விசிறி. பகலில் நான் ஆய்வுக்குப் போய்விடுவேன், மனைவி அவள் வேலைக்குப் போய்விடுவாள். காலையில் பார்த்துவிட்டுப் போவோம், சாயங்காலம் வந்து பார்ப்போம். பெற்ற தாயை இதற்குமேல் எந்தப் பிள்ளை தாங்குவான்? ஒரு நாள் மனைவி சமையலறை வாசலில் நின்று, "என்னால இதுக்கு மேல முடியலைங்க" என்றாள். சரி என்றேன். நான் சண்டை போடுகிற ஆள் இல்லை.

இருப்பதிலேயே நல்ல இல்லத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்குத் தெரியாதா எது நல்லதென்று? சொந்தக்காரர் இருக்கிற இல்லத்தை நாமே ஆய்வு செய்யக்கூடாது, அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குப் பதிலாக வருகிறவர் டீயைக் குடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிட்டுப் போகிற ரகம். அம்மா இருக்கிற இடத்தை அப்படி விட மனம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆய்வுக்குப் போனேன். அங்கே ஒரு தலைமை நர்ஸ். குள்ளமான உருவம், ரப்பர் செருப்பு, கொண்டையில் செருகிய பென்சில். வாங்க என்று சொல்வதற்குமேல் ஒரு வார்த்தை உபசாரம் கிடையாது. காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு காலி அறையில் மணியை அழுத்தினேன், ஒன்றரை நிமிடத்தில் ஆள் வந்து நின்றது. மருந்து அலமாரி ஒழுங்காக இருந்தது. தாத்தாக்களின் நகங்கள் வெட்டியிருந்தன. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு இடம் இருக்கிறதென்றால் எங்கேயோ மறைக்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாகக் கோப்புகளைக் கேட்டேன். அலமாரியில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எடுப்பது என் வழக்கம். அதில் யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாது. ஐந்தாவதாக வந்தது அம்மாவின் கோப்பு. நான் அதைத் தேடிப் போகவில்லை.

முதல் தாளில் ஒரு மனித உடம்பின் கோட்டுப்படம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தில் நான்கு இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. இரண்டு குதிகால், ஒரு தோள்பட்டை, முதுகுத்தண்டின் அடி. பக்கத்திலேயே அம்மா சேர்ந்த தேதியும், சட்டைப் பொத்தான் அளவு, கட்டைவிரல் அகலம் என்று படுக்கைப் புண்ணின் அளவும். அதற்குக் கீழே ஒவ்வொன்றும் ஆறிய தேதி. நான்கும் ஆறியிருந்தன.

இது என்ன என்று கேட்டேன்.

"வீட்டுலேருந்து வர்ற புண்ணு சிவப்பு சார். இங்க வந்தப்புறம் வந்தா நீலம். எங்கேருந்து ஆரம்பிச்சோம்னு எங்களுக்குத் தெரியணும்ல."

அம்மாவின் தாளில் நீலம் ஒன்றுகூட இல்லை. சிவப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். ஃபோட்டோ இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். வேண்டாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த நர்ஸ் கோப்பை மூடிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"வீட்ல வெச்சுப் பாத்துக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். நாங்க யாரையும் குத்தம் சொல்றதில்ல."

என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். பத்தொன்பது வருடம் அடுத்தவர் கவனிப்பை அளந்த என்னை, ரப்பர் செருப்பு போட்ட ஒரு பெண் அளந்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, அதற்கு மேலே கொஞ்சம் இரக்கத்தையும் தடவி என் கையில் கொடுத்தார். அன்றைக்கு வாசல் மிதியடியின் ஓரம் மடங்கியிருந்ததற்கு அரை மதிப்பெண் குறைத்தேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை. தேங்க்ஸ் சார் என்றார். அந்த வார்த்தையை வீடு வரைக்கும் மென்றுகொண்டே போனேன்.

கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். கோபம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது காரணமில்லை. ஒரு நீலக் குறி வந்தால் இவர்கள் அதை நேர்மையாக எழுதுவார்களா, மறைப்பார்களா? தரம் என்பது அங்கேதான் தெரியும். நீலம் வராத இடத்தில் அதை எப்படிச் சோதிப்பது? யாராவது வரவழைக்க வேண்டும்.

பார்வையாளர் நேரம் மதியம் இரண்டரை முதல் ஐந்தரை. எழுந்திருக்க முடியாதவர்களைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள். இரண்டு, நான்கு, ஆறு. நான்கு மணி முறை என் நேரத்துக்குள் வந்தது. அந்த வரிசைக் கட்டில்களைக் கவனிக்கிற ஆயாம்மாவிடம், நீங்கள் மற்றவர்களைப் பாருங்கள், எங்கம்மாவை நான் புரட்டிவிடுகிறேன் என்றேன். ஆயாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்துக் கட்டிலில்கூடச் சொன்னார். நான்கு மணிக்குக் கட்டிலில் தொங்கிய அட்டையில் புரட்டியதாகக் கையெழுத்துப் போட்டேன். புரட்டவில்லை.

இரண்டு நாள் அப்படியே பார்த்தேன். ஆறு மணிக்கு அவர்கள் புரட்டி, தடவி, காற்றாட விட்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். தோல் லேசாகச் சிவந்ததோடு சரி. அதனால் மூன்றாம் நாள் என் பேனாவின் மூடியைக் கழற்றி, விரிப்புக்கு அடியில், முதுகுத்தண்டின் அடிக்கு நேராக வைத்தேன். சின்ன மூடி. அம்மா மெலிந்திருந்தாள், எலும்புக்கும் மூடிக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் இல்லை. வந்ததும் வைப்பேன், ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்கிறீர்கள். அமைதியாக இருந்தாள். அவள் இடது கையில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தது. நான் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். விடவே மாட்டாள், நகம் பதியும். பாசம்தான், வேறென்ன? கண்ணிலும் தண்ணீர் வழியும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அது சகஜம். சில நாள் அந்தக் கை மணியை நோக்கி நகரும். மணி அடித்தால் சோதனை கெட்டுவிடும் என்பதால் அதை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தேன். கிளம்பும்போது மறக்காமல் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். அந்த விஷயத்தில் நான் மிகவும் கவனம்.

ஐந்தாம் முறைக்குப் பிறகு தலைமை நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். முதுகின் அடியில் நீல வட்டம்.

"இது எங்களால வந்தது சார். என்ன காரணம்னு தேடிட்டிருக்கோம். மன்னிச்சுக்குங்க."

மறைக்கவில்லை. நேர்மையாக எழுதினார், மன்னிப்பும் கேட்டார். அப்போது நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் ஒரே ஒரு குறியை வைத்து முடிவுக்கு வருவது என் தொழிலில் முறையல்ல. புண் வந்ததை எழுதுவது ஒன்று, ஆற்றிக் காட்டுவது வேறு. என் வீட்டிலிருந்து வந்த நான்கையும் ஆற்றியவர்கள்தானே, இதையும் ஆற்றட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மனசு லேசாக இருந்தது, மனைவிக்குப் பூப்போட்ட குடை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

அவர்கள் காற்று மெத்தை போட்டார்கள். கஞ்சியில் சத்துமாவு கூட்டினார்கள். ஆயாம்மா தன் சாப்பாட்டு நேரத்தில்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தேன். புண் ஆழமானது, பிறகு வாடை வந்தது, பிறகு காய்ச்சல். மொத்தம் பதினொரு முறை. பதினோராவது முறை அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, அந்தக் களேபரத்தில் மூடியை எடுக்க மறந்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு பொருளை மறந்து வைத்தது அது ஒருமுறைதான்.

மறுநாள் காலை அறிக்கை எழுதினேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று. புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்று அலுவலகம் உத்தரவு போட்டது, தலைமை நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஒன்பதாம் நாள் அம்மா ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்போது மட்டும் என் கையை அவள் பிடிக்கவில்லை. நான் கொடுத்தும் பிடிக்கவில்லை. அது ஏன் என்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மேசைமேல் பிளாஸ்டிக் பையில் நீங்கள் வைத்திருக்கும் பச்சை மூடி என்னுடையதுதான். ஆம்புலன்ஸ் போனதும் கட்டில் விரிப்பை உருவியபோது ஆயாம்மாவுக்குக் கிடைத்தது என்றீர்கள். இருக்கும், அவர் விரிப்பை உதறித்தான் மடிப்பார். அட்டையில் உள்ள பதின்மூன்று கையெழுத்தும் என்னுடையவை. நான் எதையும் மறுக்கவில்லை. மூடியை நான்தான் வைத்தேன். அம்மா அதனால்தான் செத்தாள்.

ஆனால் இந்தத் தாளை நீங்கள் என்னிடம் காட்டியதால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆயாம்மா மூடியைக் கொண்டுவந்து கொடுத்ததும் அந்தத் தலைமை நர்ஸ் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். நீல வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருக்கிறார். பக்கத்தில் அதே இடத்துக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சிவப்பு என்றால் வீட்டிலிருந்து வந்த புண் என்று பொருள். அம்மா என் வீட்டை விட்டுப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இது தவறான பதிவு. நானாக இருந்தால் இதற்கு அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.