பின்ரூம் சுவர்

– அங்க கைய வைக்காதீங்க தம்பி, சுவர் ஈரம், பெயின்ட் பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

– ஒட்டட்டும்மா. பைப் வேலை செய்யற கை, இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்தாச்சு.

– உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. முன்ரூம், சமையக்கட்டு எல்லாமே பிடிச்சுது. இந்தப் பின்ரூமுக்கு வந்ததும் மூக்கைச் சுளிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. வாங்கறவங்ககிட்ட எதையும் மறைக்கக்கூடாதுல்ல, அதான் நானே கூட்டிட்டு வந்து காட்டிடறேன்.

– ஏங்க, ஈரம்னுதானே விலையையே குறைச்சிருக்காங்க. இல்லைன்னா இந்தப் பக்கம் நம்மால எட்டிக்கூடப் பார்க்க முடியுமா? நீங்களே சரி பண்ணிடுவீங்கன்னு கூட்டிட்டு வந்தா, தட்டித் தட்டிப் பார்த்துட்டே இருக்கீங்க.

– எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதைச் சரி பண்றது, நர்ஸம்மா?

– நீங்க நர்ஸாம்மா?

– ஆமாம்மா. ஆறு வருஷமா நைட் டியூட்டி. பகல்ல தூங்கினாத்தான் உண்டு. இப்ப இருக்கற வாடகை வீட்டுக்குக் கீழ வெல்டிங் பட்டறை. போன வாரம் ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போடப் போயிட்டேன். கூட இருந்தவ கையைப் பிடிச்சு நிறுத்தினா. அன்னிலேருந்து வார்டுக்குள்ள கால் வைக்கவே பயமா இருக்கு. இன்னிக்கு இந்தத் தெருவுல நடந்து வர்றப்ப எங்க செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டுது. அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

– சும்மா சொல்லக்கூடாது, அமைதியான தெருதான். எல்லாரும் முப்பது வருஷமா இங்கயே இருக்கறவங்க. எதிர் வீட்டுக்காரர் எட்டு மணிக்குள்ள ஜன்னலைத் திறக்கலைன்னா நான் போய்க் கதவைத் தட்டுவேன். ஆனா ஈரம் உடம்புக்கு ஆகாதும்மா. உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா?

– அம்மா, இங்க கடைசியா எப்ப மழை பெஞ்சுது?

– இருக்கும் தம்பி, ரெண்டு மாசம்.

– வந்ததுமே எல்லாக் குழாயையும் மூடிட்டு வாசல்ல தண்ணி மீட்டர்கிட்ட நின்னேன்ல, கால் மணி நேரம். முள்ளு அசையவே இல்ல. பைப்ல ஒழுகல் கிடையாது.

– பூமிக்குள்ளேருந்து ஊறுதோ என்னமோ.

– ஊறினா மேடும் பள்ளமுமா ஏறும், உப்பு பூக்கும். இது இடுப்பளவுல கோடு கிழிச்ச மாதிரி நிக்குது.

– பழைய வீடு தம்பி. அதுக்கு என்ன சட்டமா இருக்கு? வாங்க, முன்னாடி போய் உட்காரலாம்.

– ஏங்க, விடுங்களேன். நான் ஈரத்தோடயே இருந்துக்கறேன். வேணும்னா இந்த ரூமைப் பூட்டி வெச்சுக்கலாம்.

– நீ இங்க வா. இந்தப் பழைய ஆணி ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை விட்டு எடுத்தேன். என்ன வந்திருக்கு பாரு.

– பொடி.

– காஞ்ச பொடி. மேல விரல் தொட்டா நனையுது, அரை விரக்கடை உள்ள போனா மாவு மாதிரி இருக்கு. தண்ணி சுவத்துக்குள்ளேருந்து வெளிய வரல. ரூம்லேருந்து சுவத்துக்குப் போகுது. ஒருத்தர் முக்காலி போட்டு உட்கார்ந்தா கையைத் தூக்காமலே எட்டற உயரம் வரைக்கும்.

– புரியற மாதிரி சொல்லுங்க.

– யாரோ நனைக்கிறாங்க. அம்மா, இந்த வீட்ல நீங்க யார் யார் இருக்கீங்க?

– நான் மட்டும்தான் தம்பி.

– அட கடவுளே. ஏம்மா, எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? டியூட்டி முடிச்சுட்டுப் பொட்டுக் கண்ணு மூடாம ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். விக்க இஷ்டமில்லைன்னா எதுக்கு விளம்பரம் கொடுத்தீங்க?

– கொடுத்தது நான் இல்லம்மா, என் பையன். அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே பதினோராவது மாடியில எனக்கு ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கான். நல்ல பையன். அதுதான் கஷ்டம். மோசமானவனா இருந்தா சண்டை போட்டிருப்பேன். அவங்கப்பா போனதுலேருந்து, அம்மா தனியா இருக்காளேன்னு அவனுக்குச் சோறு இறங்கறதில்ல. எனக்கு வேண்டாம்டான்னு நாலு தடவை ஆரம்பிச்சேன். நான் முடிக்கறதுக்குள்ள அவன் கண்ணு கலங்கிடும். உடனே சரிப்பான்னுடுவேன்.

– அதுக்குச் சுவத்தை நனைக்கிறதா?

– வீட்டுல குறை இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க. யார் மனசும் நோகாது. காலைல ஒரு பக்கெட் தண்ணி, ஒரு பழந்துணி, அவ்ளோதான்.

– என் மனசு நோகலையா?

– நோகுதுன்னு தெரியுதும்மா. இதுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் என்கிட்ட ஊசிக் கதை எல்லாம் சொல்லல. இதோ, போன் அடிக்குது. அவன்தான். ஆள் வந்தா உடனே கூப்பிட்டுக் கேப்பான். தம்பி, நீங்க தொழில் தெரிஞ்சவர், நீங்க சொன்னா நம்புவான். சுவர் தேறாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

– காஞ்ச சுவத்தை ஈரம்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா. நாளைக்கு நான் எவன் வீட்டுலயும் ஸ்பேனரைத் தூக்க முடியாது.

– போனை இப்படிக் கொடுங்க. நான் பேசறேன்.

– நர்ஸம்மா, கோவத்துல எதையும் சொல்லிடாத.

– தள்ளுங்க. ஹலோ, ஆமா சார், வீடு பார்க்க வந்தவங்கதான். ரொம்பப் பிடிச்சிருக்கு. பின்ரூம் சுவரா? அதுல ஒரு கோளாறும் இல்ல சார். எங்க வீட்டுக்காரர் நல்லாப் பார்த்துட்டார்.

– போச்சு. எல்லாம் போச்சு.

– பத்திரம் எப்ப வேணா எழுதலாம் சார், எங்க பக்கம் தடையே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி உங்கம்மா உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணுமாம். அவங்க முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. இந்தாங்கம்மா, பிடிங்க.

– அப்ப நம்ம வீடு?

– நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. பேசுங்கம்மா. நாங்க இங்கயேதான் நிக்கிறோம்.

– ஹலோ. நான்தான்டா. அழுதாலும் பரவால்ல, நடுவுல பேசாம கேளு. தினமும் அந்தச் சுவத்தை நனைக்கிறது நான். எனக்கு இங்கேருந்து வர இஷ்டமில்ல.