படகு வண்டிக்கு இரண்டு சக்கரம்

எந்தப் பொருளும் சும்மா கிடந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. மற்றபடி என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

ஆசைப்பட்டு ஒரு கயாக் வாங்கினேன். ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. ஏரி தெருக்கோடியைத் தாண்டியதும் வந்துவிடும். தலையில் சுமந்து போனால் ஊர் சிரிக்கும் என்பதால், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்க நானே ஒரு வண்டி செய்ய முடிவெடுத்தேன். வண்டி என்றால் என்ன பெரிய விஷயம்? ஒரு சட்டம், ஒரு அச்சு, இரண்டு சக்கரம்.

சட்டத்துக்கு அலுமினியம்தான் நல்லது. துருப்பிடிக்காது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாத்தியிருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ அந்த வீட்டுக்காரர் அதில்தான் மொட்டைமாடிக்கு ஏறியிருந்தார். ஏறி முடித்தவருக்கு ஏணி எதற்கு?

"சார், ஏணிய எங்க கொண்டு போறீங்க?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஒரு அளவு பாக்கணும். இதோ வந்துடறேன்."

பொய் சொல்லவில்லை. அளந்த பிறகுதான் அறுத்தேன்.

அச்சுக்கு இரும்புக் கம்பி என்னிடமே இருந்தது. சக்கரம்தான் இல்லை. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்க முடியாத என் மாமனார், கொல்லைப்புற நிழலில் சக்கர நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எங்கும் போகாதவருக்கு எதற்குச் சக்கரம் என்று தோன்றியது. இரண்டாவது சக்கரத்தைக் கழற்றும்போதுதான் விழித்தார்.

"என்ன மாப்பிள்ள, நாற்காலி ஆடுதே?"

"எண்ணெய் போடறேன் மாமா. நீங்க தூங்குங்க."

ஆடாதபடி செங்கல் அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் குடிக்கத் தண்ணீரும் வைத்தேன். இந்தக் காலத்தில் எந்த மருமகன் இவ்வளவு பார்ப்பான்?

வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏரியில் இரண்டு சுற்று வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உடனே கரையேறி, மாமனாரின் சக்கரங்கள் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடினேன். அவர் பொருள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை.

அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மதில் தகராறில் முகம்கொடுத்துப் பேசாதவர்கள். அன்று ஒருவர் மாடியிலும் ஒருவர் செங்கல்மேலும் நனைந்தபடி மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தானாம். இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவைத்த புண்ணியத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீடு திரும்பிய மனைவி, உங்கள் ஸ்டேஷன் ஆட்களோடு ஏரிக்கரைக்கே வந்துவிட்டாள். "எங்கப்பாவ செங்கல் மேல ஏத்தி வச்சிட்டு இங்க படகு விடறீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?" என்றாள். கோபத்தில் பேசுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

எதையும் மறுக்கவில்லை, ஐயா. ஏணியை எடுத்தது நான், அறுத்தது நான், சக்கரங்களைக் கழற்றியதும் நான்தான். ஆனால் மாமனாரின் நாற்காலியைத் திருடியதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நாற்காலியை நான் எடுக்கவே இல்லை. அவர் இன்னமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.