இல்லாத கதவையும் தட்டிய எங்கள் மேட்ரன் அம்மாவுக்கு

அன்பின் உருவே, அடக்கத்தின் இருப்பிடமே, ஆலய மருத்துவமனையின் அச்சாணியே, வெண்ணிறச் சீருடையில் வலம்வந்த விடியலே, வாடிய முகங்களை வாசலிலேயே வாசித்தறிந்த வல்லமையே!

இன்னும் இருபது அடைமொழிகள் கைவசம் உண்டு அம்மா. ஆனால் ஒத்திகையில் இதைக் கேட்ட சமையல் அண்ணன், "இப்படியே போனா அம்மா பாதியில எழுந்து வார்டுக்குப் போயிடுவாங்க" என்று எச்சரித்துவிட்டார். ஆகவே, நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவரும் கூடி நின்று வாசித்தளிக்கும் இம்மடலில், உங்களைப் புகழ்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாக எங்கள் மனத்தைக் குடைந்த கேள்விகளையும் சேர்த்து வைக்கிறோம். பொறுத்தருள்க.

பொது வார்டில் கதவு கிடையாது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைதான். நீங்களோ கட்டிலின் கால்மாட்டு இரும்புக் கம்பியில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டு நின்றீர்கள். ஊசி போடவும் அப்படியே, உடம்பு துடைக்கவும் அப்படியே. நினைவின்றிக் கிடப்பவர் எப்படிப் பதில் சொல்வார் என்று புதிதாக வந்த செவிலியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நோயாளிகள் உங்களுக்கு 'டொக்டொக் அம்மா' என்று பெயர் சூட்டியது உங்கள் காதுக்கு எட்டவில்லை என்றுதான் நினைத்திருந்தோம், எட்டியதாமே! சாந்தமே உருவான நீங்கள், திரையை யாராவது பாதி திறந்து போட்டுவிட்டுப் போனால் மட்டும் எப்படிக் கொதித்தீர்கள் என்பதையும் இச்சபை அறியும்.

காலையில் ஜெபக்குழு கட்டில் கட்டிலாகப் போய்ப் பாடி ஜெபிப்பது இம்மருத்துவமனை தோன்றிய நாள் முதலாக இருக்கும் வழக்கம். அவர்களையும் தட்டிக் கேட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். ஜெபிக்கவும் அனுமதி வாங்க வேண்டுமா என்று பெரிய சலசலப்பு எழுந்தது. ஆண்டவரே நோயாளியிடம் விருப்பம் கேட்டுவிட்டுத்தானே குணமாக்கினார் என்று நீங்கள் நினைவூட்டியதும் போதகர் ஐயா தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாள் முதலில் தட்டியவர் அவரே. "வேண்டாங்க" என்று முதல் பதில் வாங்கியவரும் அவரே. இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனாலும் வேண்டாம் என்ற சொல்லின் முழுக் கனத்தையும் நாங்கள் அறிந்தது, லேத் பட்டறைக்காரர் வந்தபோதுதான்.

சர்க்கரை நோயால் கால் அழுகி வந்தவர். கடைசித் தனியறையில் படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார், எடுக்காவிட்டால் கடினம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அவரோ, வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். அவருடைய தங்கை நம் எல்லாருடைய கையையும் பிடித்து அழுதார். நாங்கள் சும்மா இருப்போமா? உபவாச ஜெபம் வைத்தோம். அது முடிந்ததும் கூட்டமாகப் போய் அவர் கட்டிலைச் சூழ்ந்து நின்றோம். ஆளுக்கொரு நியாயம், ஆளுக்கொரு கண்ணீர். அத்தனையும் அன்புதான். அந்த அன்பில் அவருக்கு மூச்சு முட்டியது எங்கள் கண்ணில் படவில்லை.

நீங்கள் வந்து கட்டிலைத் தட்டினீர்கள். அவர், "எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க" என்றார். போதகர் ஐயா உட்பட அனைவரையும் வெளியேற்றி, நீங்களும் வெளியே வந்து கதவைச் சாத்தினீர்கள். "எங்க அண்ணனைச் சாக விடத்தான் கோயில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேனா?" என்று தங்கை வெடித்தார். எங்களில் பலரும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் குரல் உயர்த்தாமல் சொன்னீர்கள்: "அவர் வேண்டாம்னது ஆபரேஷனை. நம்மளை வேண்டாம்னாரான்னு இன்னும் கேக்கவே இல்லையேம்மா."

பிறகு ஒரு மர நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தீர்கள். வேலை முடிந்தால் நாற்காலி, உணவு இடைவேளையில் நாற்காலி. அங்கே என்னதான் நடக்கிறது என்று தெரியாமல் எங்களுக்குத் தலை வெடித்தது. சமையல் அண்ணன் தேநீரைச் சாக்கிட்டு ஒட்டுக்கேட்டு வந்தார். ஜெபம் இல்லையாம், புத்திமதி இல்லையாம். லேத்தில் மரை வெட்டும்போது உளி மழுங்கிவிட்டது எப்படித் தெரியும் என்று நீங்கள் வெளியிலிருந்து கேட்க, சத்தம் மாறும் என்று அவர் உள்ளிருந்து விளக்கினாராம். சில நாளில் அந்த நாற்காலியில் தங்கையும் முறை வைத்து உட்காரத் தொடங்கினார். ஒருநாள் உள்ளிருந்து குரல் வந்தது: "அந்த நாற்காலியை உள்ளயே கொண்டு வந்து போடுங்க சிஸ்டர்."

காலை எடுக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொன்னார். நாங்கள் துருவித் துருவிக் கேட்டும், அது அவருடையது என்று வாயைத் திறக்க மறுத்துவிட்டீர்கள். வலி குறைய மருந்து கொடுத்தீர்கள். நாளும் புண்ணைத் துடைத்தீர்கள், ஒவ்வொரு முறையும் தட்டிய பிறகே. தங்கை ஒரு கையையும் நீங்கள் ஒரு கையையும் பிடித்திருக்க, அவர் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் செய்தது சரியா அம்மா? பாராட்டு மடலில் கேட்கக்கூடாத கேள்விதான். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் அவர் இன்று நடமாடியிருப்பார் என்று ஒரு கட்சியும், அந்த உடம்பு அவருக்குக் கடவுள் கொடுத்தது, நமக்கில்லை என்று மறு கட்சியும் உணவறையில் இன்றும் மல்லுக்கு நிற்கின்றன. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தங்கை எந்தக் கட்சி என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை உங்களிடமே கேட்டோம். "எனக்கும் தெரியலப்பா. ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்கள்மேல் எங்களுக்கு மதிப்பு இன்னும் கூடியது.

இத்தனையும் கண்ட நாங்கள் செய்த காரியத்தைச் சபையறியச் சொல்லியாக வேண்டும். தனியாளான உங்களுக்கு முழங்கால் வலி வேறு. ஓய்வுக்குப் பின் எங்கே போய் என்ன செய்வீர்களோ என்ற கவலையில், ஆலயத்துக்குப் பின்புறமுள்ள அறையை உங்களுக்கெனப் புதுப்பித்தோம். சுவருக்கு நீலம் அடித்து, குளியலறையில் கைப்பிடி பொருத்தி, திரைச்சீலை தைத்து, சாவியை ரிப்பன் சுற்றி நீட்டினோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி வீடு பார்த்துவிட்டதாகவும், ஒருநாளாவது மணியோசை கேட்காமல் தூங்க ஆசை என்றும் சொல்லி, வேண்டாம் என்றீர்கள். உடனே நாங்கள் என்ன செய்தோம்? உங்களைச் சுற்றி நின்று ஆளுக்கொரு நியாயம் சொல்லத் தொடங்கினோம். "அம்மாவை முதல்லயே யாராவது கேட்டீங்களா?" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அறை இனி வெளியூர் நோயாளிகளின் உறவினருக்கு. மாடி வீட்டின் சாவி உங்களுக்கு. நல்ல காற்றும் நல்ல உறக்கமும் வாய்த்து, நலிவின்றி நெடுநாள் நீங்கள் வாழ ஆண்டவர் அருள்வாராக. படியேறும் உங்கள் முழங்காலை அவரே தாங்குவாராக.

அம்மா, நீங்கள் வேண்டாம் என்றது அறையை. எங்களை வேண்டாம் என்றீர்களா என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை. இம்மடலை வாசித்து முடித்ததும், நீங்கள் அமர்ந்திருக்கும் இரும்பு நாற்காலியில் எங்கள் சார்பில் டிரைவர் இரண்டு தட்டுத் தட்டுவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் மாடிக்கு நாங்கள் வரலாமா?

பதில் சொல்ல அவசரமில்லை. காத்திருக்கப் பழகிவிட்டோம்.

இங்ஙனம்,
உங்கள் வாசற்படியில் நிற்கும்
ஆலய மருத்துவமனை ஊழியர்கள்