மேசையில் இரண்டு இடம்

கல்யாண் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை, மேடம். தாதர் போய் ஃபாஸ்ட் லோக்கலைப் பிடித்துவிட்டால் பெண் உட்கார்ந்தே வந்துவிடுவாள். காலையில் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம்தானே போகிறது. அதனால் தூரத்தைக் காரணம் காட்டி நீங்கள் மறுக்க வேண்டாம். செம்பூர் ட்யூட்டரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பாடம் சொல்லித்தரப் போகிறவரிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது என் கட்சி. மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பத்ரி நேராகப் பேசுகிற ஆள் என்றுதான் சொல்வார்கள்.

என் பெண் ஷாலினி பன்னிரண்டாவதில் எடுத்திருப்பது அட்வான்ஸ்டு என்விரான்மென்டல் சயின்ஸ். வெளிநாட்டுப் பரீட்சை. அதில் நல்ல கிரேடு வந்தால்தான் அவள் ஆசைப்படுகிற யூனிவர்சிட்டி திரும்பியாவது பார்க்கும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை வைத்தார்களே தவிர, நடத்தத் தெரிந்த ஆளை வைக்கவில்லை. முதல் பரீட்சையில் பெண் தேறவில்லை. அவள் பேப்பரை என்னிடம் காட்டாமல் பாத்ரூமில் போய் அழுதாள். அன்றைக்கு ட்யூட்டரைத் தேட ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் பிசிக்ஸுக்குத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கும் ஐஐடிக்கும் கிளாஸ் நடத்துகிற போர்டு இல்லாத சந்து மாட்டுங்காவில் கிடையாது. என்விரான்மென்டுக்கு ஆள் கேட்டால் சிரிக்கிறார்கள், மேடம். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு பெரிய கிளாஸில் ரிசப்ஷனில் இருந்த பையன், "இவிஎஸ்ஸா? வோ தோ பச்சே குத் பட் லேதே ஹைன், அங்கிள்" என்றான். அதைப் பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்வார்களாம். காலேஜில் எல்லோரும் படிக்காமலே பாஸாகிற பேப்பர் என்றுதான் அவனுக்குத் தெரியும். காட்கோபரில் ஒரு பயாலஜி டீச்சர் ஒப்புக்கொண்டு வந்தார். முதல் நாளே மரம் நடுவோம் என்று சார்ட் பேப்பரில் படம் வரையச் சொன்னார். பெண்ணுக்கு வேண்டியதோ நைட்ரஜன் சுழற்சி, ஜனத்தொகைக் கணக்கு. சயானில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் காற்று மாசு வரைக்கும் வந்து, மண்ணும் நீரும் என் சிலபஸில் இல்லை என்று கை கழுவினார். ஆன்லைனில் பிடித்த ஆள் பாதிப் பாடத்தில் சிலையாக உறைந்துபோவார், நெட்வொர்க் என்பார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன். ஆபீஸில் நான் பார்ப்பது கப்பல் சரக்கு கிளியரன்ஸ். எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டி மாட்டிக்கொண்டாலும் வெளியே எடுத்துவிடுவேன். ஒரு வாத்தியாரைப் பிடிக்க முடியவில்லை என்பது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில்தான் செம்பூரில் சுரேந்திரன் சார் இருப்பது தெரிந்தது. நீர்ப் பரிசோதனை லேபில் வேலை பார்த்து விலகினவர். தங்கமான வாத்தியார். ஆனால் இரண்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார். அவர் வீட்டில் ஒரே ஒரு மேசை. மூன்றாவது நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது. நான் மடக்கு நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "ரெண்டு பேருக்கு மேல ஆனா நான் கத்துக்கொடுக்கிறதில்ல சார், கத்துறேன்" என்றார். அந்த இரண்டு இடத்தில் ஒன்று அவர் பில்டிங்கிலேயே இருக்கிற ஒரு பையனுக்கு. இன்னொன்று தாராவியிலிருந்து வருகிற அஸ்ரினுக்கு.

அஸ்ரின் ஷாலினியின் வகுப்புதான். ஸ்காலர்ஷிப்பில் படித்தாள். அப்பா நாகூர் மீரான் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார், தென்காசிப் பக்கத்து ஆள். நல்ல பெண், மேடம். அதை நான் எங்கேயும் சொல்வேன். ஷாலினிக்குப் புரியாததைக் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லித் தருவாள். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நான் காட்கோபர், சயான் என்று நாய் மாதிரி அலைந்தேன். அவளுக்காக யாரும் ஒரு நாளும் அலையவில்லை. சுரேந்திரன் சார் ஏதோ போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில் அவள் கேட்ட ஒரு கேள்வி பிடித்துப்போய், அவரே கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். தேடாமலே கிடைத்தது. இது எனக்கு உறுத்தியது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நான் விடவில்லை. நடையாய் நடந்ததில் சார் கொஞ்சம் இறங்கிவந்தார். ஃபீல்டுக்கு மட்டும் ஷாலினி வரலாம், மேசையில் இடம் காலியானால் அது அவளுக்கு என்றார். ஃபீல்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை மாஹிம் காடி. கடல் உள்ளே நுழைகிற அந்தச் சேற்றுக் கழியில், நீர் வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அலையாத்திச் செடிகளுக்கு நடுவே இறங்கி பாட்டிலில் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அதில் சார் ரொம்பக் கறார். இரண்டு ஃபீல்டு தவறினால் மேசையில் இடம் போச்சு. வந்து நின்றால் மட்டும் போதாது, தண்ணீர் எடுத்து வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அஸ்ரின் ஏற்கெனவே ஒன்று தவறியிருந்தாள். அவள் அம்மா பேகத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். பெண் அழுதாளாம். சார் மசியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் குரூப் என்றாலே அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டோடு பேசத் தெரியாதவனுக்கு என்விரான்மென்ட் எதற்கு என்பார். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். செம்பூரிலிருந்து எனக்குச் சொல்வார், மாட்டுங்காவிலிருந்து நான் தாராவிக்குச் சொல்ல வேண்டும். லோக்கல் ஸ்டேஷன் வரிசை மாதிரி. மீரானுக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்ப சந்தோஷம். ஆபீஸர் வீட்டிலிருந்து போன் வருகிறது என்று பட்டறையில் சொல்லிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை மழை விடாமல் கொட்டியது. சாயங்காலம் சார் கூப்பிட்டார். "நாளைக்கு வேண்டாம் சார். பெரிய அலை இருக்கு, மேல மழையும் சேந்துக்கும். காடிப் பக்கமே யாரும் போகக் கூடாது. மீரானுக்குச் சொல்லிடுங்க." சரி என்றேன். மீரானுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் என் மனைவியிடம் சொன்னேன். மனிதனுக்கு மறதி சகஜம் என்று அவளும் விட்டுவிட்டாள். நீங்கள் படித்தவர், உங்களிடம் அப்படிச் சொல்வது மரியாதையில்லை. நான் மறக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இடம் மாறியது, நேரம் மாறியது என்று பொய் சொன்னால் அது தப்பு. நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால்? அந்தப் பெண் மழையில் போய் நிற்பாள், யாரும் வரவில்லை என்று திரும்பிவிடுவாள். சரி, அதனால் அவள் இடம் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். வீண் அலைச்சலில் அவளுக்கும் சாருக்கும் மனஸ்தாபம் வரும், மீரான் கோபித்துக்கொண்டு பெண்ணை நிறுத்துவார் என்று கணக்குப் போட்டேன். தன்மானம் உள்ள மனிதர் அவர். ஒரு மனஸ்தாபம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது.

காலையில் ஷாலினி கேட்டாள். "அஸ்ரினுக்குச் சொல்லிட்டியாப்பா?"

"சொல்லியாச்சும்மா. நீ தூங்கு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை, பாவம், அவளுக்கும் ஓய்வு வேண்டாமா?

கொஞ்ச நேரத்தில் மீரானே கூப்பிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் அவர் குரலைவிடப் பலமாகக் கேட்டது. "அண்ணே, மழை இப்படி ஊத்துது. இன்னைக்கு உண்டுமா? புள்ளை செருப்பு மாட்டிட்டு நிக்கா. ஏற்கெனவே ஒண்ணு தவறிட்டுன்னு ஒரே அழுகை. நீங்க சொன்னா அனுப்புதேன்."

இங்கே நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் சாரிடம் தொடர்ந்து படித்திருப்பாள். ஷாலினி கேன்டீனில் அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்திருப்பாள். அடுத்தவர் சாப்பிட்ட இலையில் என் பெண் எத்தனை நாள் சாப்பிடுவாள்?

"உண்டு மீரான். சீக்கிரம் அனுப்புங்கோ. சார் காத்துண்டிருக்க மாட்டார்" என்றேன்.

"பட்டறைல சரக்கு நனையுது அண்ணே, நான் கூடப் போவ முடியல. நீங்கள்லாம் அங்கதான இருப்பிய?"

"இருப்போம்" என்றேன்.

அவள் போனாள். கரையில் யாரும் இல்லை. மற்றவர்கள் முன்னாலேயே உள்ளே இறங்கிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள். பாட்டிலில் தண்ணீர் எடுக்காமல் திரும்பினால் வந்ததாகக் கணக்கில்லையே. இறங்கியிருக்கிறாள். தண்ணீர் ஏறியபோது சேற்றிலிருந்து காலை எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. மறுநாள் அலையாத்தி வேருக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள். பாட்டில் நிறைந்து, மூடி சரியாக இறுக்கியிருந்தது. நல்ல பெண் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

மீரான் என்னைக் கேட்டார். கேட்கத்தானே செய்வார், உண்டு என்று சொன்னவன் நான்தானே. நான் போனை வைத்த பிறகுதான் சார் வேண்டாம் என்று எனக்குச் சொன்னார், உடனே உங்களைக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை என்றேன். மழையில் லைன் கிடைக்காதது இந்த ஊரில் புதிதா? அவர் நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னண்ணே செய்விய" என்றார். பிறகு செம்பூருக்குப் போய் சாரின் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். சார் மறுக்கவே இல்லை. முந்தின நாளே சொன்னேன் என்றுகூடச் சொல்லவில்லை. "நானே உங்களுக்கு நேரா போன் பண்ணியிருக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மறுவாரம் அந்த மேசையை யாருக்கோ கொடுத்துவிட்டார். இனிமேல் யாருக்கும் பாடம் எடுக்கப் போவதில்லையாம். பொறுப்பில்லாத்தனம் என்று நான் சொன்னால் நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. ஒரு இடம் காலியானால் ஷாலினிக்கு என்று வாக்குக் கொடுத்தவர். இடமும் காலியாகி, கடைசியில் மேசையும் இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன வாரம் மீரான் வீட்டுக்கு வந்தார். அஸ்ரினின் புத்தகங்களை அவரே தைத்த தோல் பையில் போட்டுக் கொண்டுவந்து, "ஷாலினி படிக்கட்டும் அண்ணே, எம் புள்ளை அதைத்தான் சொல்லியிருப்பா" என்றார். வாங்கி வைத்தேன். நன்றாகத்தான் கோடு போட்டுப் படித்திருக்கிறாள். ஷாலினிதான் அந்தப் பையைத் தொட மாட்டேன் என்கிறாள். என்னோடும் பேசுவதில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவை மட்டும், "நீ சொல்லியாச்சுன்னு சொன்னியேப்பா" என்றாள். பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சை பயம் மேடம், இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். நல்ல டீச்சர் கிடைத்தால் சரியாகிவிடும்.

நான் செய்தது சரி என்று வாதாடவில்லை. வரச் சொன்னவன் நான்தான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். தண்ணீர் ஏறும் என்பதும் தெரியும், சார் சொல்லியிருந்தார். ஆனால் அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பார்ப்பதெல்லாம் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது, மேடம். அட்வான்ஸ்டு படிக்கிற பெண் அதைப் பார்த்திருக்க வேண்டாமா? ஷாலினியாக இருந்தால் பார்த்திருப்பாள். அந்த இடம் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒரு டீச்சராக நீங்களே சொல்லுங்கள்.

சரி, பழைய கதையை விடுங்கள். உங்கள் பேட்ச் நிறைந்துவிட்டது என்று போனிலேயே சொன்னீர்கள். அது பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன். மொத்தம் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.